சாவியை யாரிடம் கொடுக்கலாம்?

(தோட்டக் குடும்பங்களுக்கான கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



காலையில் பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் கதவைப் பூட்டுகிறோம். பூட்டின சாவி எங்கே போகுது? "நான் யாருக்குமே கொடுக்கிறதில்ல" என்று சொல்றவங்கதான் அதிகம். ஆனா கூரைத் தகரத்துக்கு இடையில சொருகி வச்சிருப்பீங்க. இல்லாட்டி இஸ்தோப்பில் இருக்கிற பூச்சட்டிக்குக் கீழே. அந்த இடம் லயத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைவிட ஒருத்தரைப் பார்த்துக் கொடுப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

ஏன் கொடுக்கணும்? லயத்துக்கு ஒரே கூரை. ஒரு காம்பிராவில் அடுப்புத் தணலோ, பழைய மின்சார வயரோ பத்திக்கிட்டா அது வரிசையாக ஓடும். வீட்டுக்குள்ளே ஞாபக மறதி உள்ள மாமியார் இருக்காங்க. எங்கேயாவது போயிடுவாங்க என்று வெளியில் பூட்டிட்டு வந்துட்டீங்க. சாவி உங்க மடியில், நீங்க கொழுந்து மலையில். புகை வந்தா பக்கத்து வீட்டுக்காரர் கோடரி தேடணும். வயசானவங்களையும் பிள்ளைகளையும் உள்ளே வச்சு வெளியில் பூட்டவே கூடாது. வேற வழியே இல்லை என்றால், இரண்டாவது சாவி பகல் நேரத்தில் லயத்திலேயே இருக்கிற ஒருத்தரிடம் இருக்க வேண்டும். உங்களோடு மலைக்கு வருகிற சிநேகிதியிடம் கொடுத்துப் பிரயோசனம் இல்லை. தனி வீட்டுக்குப் போனவங்களுக்கு இது இன்னும் முக்கியம். லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினாலே கேட்கும், தனி வீட்டில் கூப்பிட்டாலும் கேட்காது.

சரி, யாரிடம்? நிறையப் பேர், "அவங்க திருட மாட்டாங்க" என்பதோடு யோசனையை நிறுத்திடுறாங்க. திருட்டு மட்டுமா பிரச்சினை? பீலிக்கரையில் நின்று, மற்ற வீட்டுப் பானையில் என்ன இருந்தது, எந்த நகை அடகுக்குப் போனது என்று உங்களிடம் சொல்றவங்க, நாளைக்கு உங்க வீட்டைப் பற்றி இன்னொருத்தரிடம் சொல்லுவாங்க. அப்படிப்பட்டவங்க ஒரு சதம் எடுக்க மாட்டாங்க. ஆனாலும் சாவி அவங்களுக்கு வேண்டாம். கடன் வாங்கின சீனியை ஞாபகமாகத் திருப்பித் தர்றவங்க, பிள்ளை மடுவத்திலிருந்து பிள்ளையைக் கூட்டி வரச் சொன்னால் நேரத்துக்குப் போறவங்க, அவங்களைப் பாருங்க. இப்படிச் சின்ன விஷயங்களில்தான் ஆளைத் தெரியும்.

அதோடு அந்த வீட்டில் வேறு யார் இருக்காங்க என்றும் பாருங்க. அக்கா தங்கமானவர். ஆனா அவங்க வீட்டில் குடிக்கிற ஆள் இருந்தால், சாவி அக்காவிடம் மட்டும் இருக்கு என்று நினைக்காதீங்க. இதைச் சொல்ல எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கு. தாய் வெளிநாட்டில், தகப்பன் வேலையில், வயசுக்கு வந்த மகள் வீட்டில் தனியாக இருக்கிற குடும்பங்கள் இங்கே இருக்கு. அங்கே உள்தாழ்ப்பாள் ஒன்று கட்டாயம் வேணும். சாவி வச்சிருக்கிறவங்க யாராயிருந்தாலும் கூப்பிட்டு, பதில் வந்த பிறகுதான் கதவைத் தொடணும். அதை முன்கூட்டியே சொல்லிடுங்க, மகளுக்கும் சொல்லுங்க.

இன்னொன்று. வீட்டில் ஏதாவது காணாமல் போனால் முதல் பேச்சு யார் மேல வரும்? சாவி வச்சிருந்தவங்க மேலதான். நல்ல மனுசியைப் பழிக்கு ஆளாக்காதீங்க. நகையும் பணமும் தனிப் பெட்டியில், தனிப் பூட்டோடு, அதன் சாவி உங்களிடம். பத்திரங்களும் அப்படித்தான். 1948இல் வந்த சட்டம் நம்ம மூத்தவங்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரைக்கும் நம்மில் ஒரு பகுதியினர் நாடற்றவங்களாகவே இருந்தாங்க. கடதாசிக்காக அலைந்த கதை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கு. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிக் கடிதம் எல்லாவற்றுக்கும் போட்டோ பிரதி எடுத்து வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரரிடம் ஒரு கட்டுக் கொடுத்து வையுங்க. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்கள் அப்படியே புதைந்து போயின. அந்த மாதிரி நேரத்தில் பெட்டியும் மிஞ்சாது, சாவியும் மிஞ்சாது.

பேச்சு முடிந்ததும் ஒரு அம்மா எழும்பிக் கேட்டார்: "கொடுத்த சாவியைத் திரும்பக் கேட்டா கோவிச்சுக்குவாங்களே?"

கோபம் வராமல் இருக்க, கொடுக்கும்போதே நாள் சொல்லிக் கொடுங்க. "தீபாவளிக்கு மகன் கொழும்பிலிருந்து வர்ற வரைக்கும் வச்சிருங்க" என்று. மகன் வந்ததும் பலகாரத்தோடு நீங்களே போய் வாங்கிக்கிடுங்க. அப்பவும் தராமல் இழுத்தால் சண்டை பிடிக்க வேண்டாம், பூட்டை மாற்றிடுங்க. வாங்கும்போது அதே மாதிரிப் பூட்டு இன்னும் இரண்டு எடுக்கச் சொல்லி, உங்க சாவியை அதில் போட்டுப் பாருங்க. மலிவான பூட்டுகளில் ஒன்றின் சாவி மற்றதையும் திறக்கிறது உண்டு. திறந்தால் அதை வாங்காதீங்க.