கோடை முகாமும் சிறுவர் ஆட்டமும்



பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும், தில்லி, நாகபுரி, கொல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் நம்மவர் பலர் தம் மக்களை விளையாட்டு முகாம்களுக்கு அனுப்புகின்றனர். நாம் சடுகுடு என்பதை மராட்டியர் ஹுதுது என்பர். வங்காளியர் ஹாடுடு என்பர். 1990-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இடம்பெற்ற கபடியும் இதுவே. பெயர் வேறாயினும் ஆட்டம் ஒன்றாதலின், அயல்மொழி அறியாத நம் சிறுவனும் அதன் வாயிலாகப் பிறருடன் எளிதிற் கலந்துவிடுகிறான். இத்துணை நன்மை தரும் ஆட்டத்தைத் தீங்கின்றிக் கற்பிப்பது எங்ஙனம்?

முதற்பகை வெயில். வடநாட்டில் மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 40 பாகையைக் கடப்பதுண்டு. லூ என்னும் அனற்காற்றும் வீசும். ஆகவே காலை 8 மணிக்குள் ஆட்டத்தை முடித்துவிடுதல் நலம். உடல் வெப்பத்திற்குப் பழக 10 முதல் 14 நாட்கள் ஆகும். முதல் நாளே நெடுநேரம் ஓடவிடாமல், சிறிது சிறிதாகப் பயிற்சியைக் கூட்ட வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல், 20 நிமிடத்திற்கு ஒருமுறை நீர் பருகச் செய்தல் வேண்டும்.

வெயிலில் ஆடும் சிறுவன் தள்ளாடினாலோ பிதற்றினாலோ, அதனை வெப்பத்தாக்கு என்றே கொள்ளுதல் வேண்டும். அவனை நிழலிற் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவ உதவியை நாடுக. நினைவு தெளியாதவன் வாயில் நீர் புகட்டலாகாது.

கொல்கத்தாவில் இடரின் வடிவம் வேறு. அங்கே கால்பைசாகி என்னும் புயல் கோடை மாலைகளில் திடீரென எழும். இடியோசை கேட்டதும் ஆட்டத்தை நிறுத்திக் கட்டடத்துட் புகுக; மரத்தடி புகலிடமாகாது. கடைசி இடி முழங்கி 30 நிமிடம் கழிந்த பின்னரே திடலுக்குத் திரும்பலாம்.

சடுகுடுத் திடலிற் கல்லும் கண்ணாடித் துண்டும் இல்லாவாறு பார்த்து, மண்ணைக் கிளறி மென்மையாக்க வேண்டும். வயதும் எடையும் ஒத்தவரையே எதிரெதிர் நிறுத்த வேண்டும். வில்வித்தையிலோ, எய்வோர் யாவரும் ஒரே கோட்டில் நிற்பர். அனைவரும் வில்லைக் கீழே வைத்து, ஆசிரியர் ஊதலை ஒலித்த பின்னரே அம்பெடுக்கச் செல்வர். இவ்விதிக்கு விலக்கே இல்லை.

நம் பிள்ளைகளுக்கு மற்றோர் இடரும் உண்டு. ஊருக்குப் புதியவனான சிறுவன், தலை சுற்றுவதை ஆசிரியரிடம் எம்மொழியிற் சொல்வான்? பிறர் நகைப்பரோ என நாணி வாய் மூடியிருப்பதும் உண்டு. முகாமுக்கு அனுப்புமுன், தில்லியாயின் 'சக்கர் ஆ ரஹா ஹை' என்றும், கொல்கத்தாவாயின் 'மாதா கூர்ச்சே' என்றும் சொல்லக் கற்பித்து விடுவோம். இச்சிறு தொடர் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

ஓய்வு கேட்ட சிறுவனைக் கோழை என்னாத ஆசிரியரே நல்லாசிரியர். அத்தகையோர் உள்ள முகாமைத் தேர்ந்து நம் மக்களை அனுப்புவோமாக.