பச்சை தெரிந்தால் போதாது, பயிர் விளைய வேண்டும்!

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆலையிலே கதிர் சுற்றுவது மின்சாரத்தால். அந்த மின்சாரத்துக்காக நெய்வேலியிலே பழுப்பு நிலக்கரி தோண்டுகிறோம். 1956-ல் பொதுத்துறையில் அமைந்தது அந்த நிறுவனம். சோவியத் உதவியோடு கட்டிய அதன் முதல் அனல்மின் நிலையம் 1962-ல் மின்சாரம் தந்தது. அது மக்கள் சொத்து. ஆகவே சுரங்கமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. தோண்டிய நிலத்தின் கதி என்ன என்று கேட்க வந்திருக்கிறேன்.

கரி பூமியின் மேலே கிடக்கவில்லை. பல பத்து மீட்டர் மண்ணை வாரிய பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும். வாரிய மண்ணைப் பழைய பள்ளத்திலே கொட்டி மூடுகிறார்கள். மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைக்காவிட்டால் என்ன ஆகும்? சத்தில்லாத அடிமண் மேலே வந்துவிடும். தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் எரு இட்டுப் பண்படுத்திய மண் அடியிலே புதைந்துவிடும்.

அதன்மேல் செடி நடுகிறார்கள். நிலம் தேறியதா என்று எப்படி அறிவது?

ஒரு வழி செயற்கைக்கோள் படம். பச்சை இலை சிவப்பு ஒளியை உட்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டு எங்கே பச்சை என்று சொல்லிவிடலாம். நல்ல விஞ்ஞானம்தான். ஆனால், தோழர்களே, சீமைக்கருவேலமும் பச்சைதான், நெற்பயிரும் பச்சைதான்! வேர் எவ்வளவு ஆழம் போயிற்று என்பதைப் படம் காட்டாது.

அமெரிக்கா தரும் பாடம்

நிலக்கரிப் பகுதி மக்கள் அங்கே பல ஆண்டுகள் போராடினார்கள். ஜனாதிபதி ஃபோர்டு இரண்டு முறை மசோதாவைத் தடுத்தார். கடைசியில் 1977-ல் சட்டம் வந்தது. அதன்படி முதலாளி முன்பணம் கட்ட வேண்டும். மேல்மண்ணைத் தனியே காக்க வேண்டும். செடிப்போர்வை, ஒப்பிடுவதற்கு வைத்த நிலத்தில் உள்ளதில் நூற்றுக்கு 90 பங்காவது வர வேண்டும். கடைசியாக விதையும் உரமும் இட்ட பிறகு 5 ஆண்டுகள், மழை குறைந்த இடத்தில் 10 ஆண்டுகள், அவன் பொறுப்பிலேயே நிலம் இருக்க வேண்டும்.

அப்படியும் ஓட்டை இருந்தது. அப்பலாச்சியா மலைப்பகுதியிலே கனத்த இயந்திரங்களை ஓட்டி மண்ணை இறுக்கி, மேலே புல் விதைத்தார்கள். புல் பச்சையாக நின்றது, கணக்கு நேராயிற்று. ஆனால் காடு திரும்பவில்லை. இறுகிய மண்ணிலே மரத்தின் வேர் இறங்க முடியவில்லை. 2004-ல்தான் அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் சேர்ந்து, நாலு அடி ஆழமாவது மண்ணைத் தளர்வாக விடவேண்டும் என்ற முறையைப் பரப்பத் தொடங்கினார்கள்.

இதை மண்வெட்டி பிடித்த எவரும் முதல் நாளே சொல்லியிருப்பார்! கேட்கத்தான் ஆளில்லை.

நம் நாட்டில்

இங்கும் 2009-ல் மத்திய நிலக்கரித் துறை வழிகாட்டு விதிகள் கொண்டு வந்தது. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் கணக்கில் தனிக் கணக்கிலே பணம் கட்ட வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். வேலை நடந்ததைச் சரிபார்த்து அது திருப்பித் தரப்படும் என்பது அந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கோல் இந்தியா சுரங்கங்களைச் செயற்கைக்கோள் படம் கொண்டு பார்வையிடுவது அதன் துணை நிறுவனமே! பரீட்சை எழுதியவர் வீட்டுக்குள்ளேயே விடைத்தாள் திருத்துவதா?

ஆகவே நாம் கோருவது இது. ஒவ்வோர் ஆண்டும் ஒரே பருவத்திலே, தோண்டாத பக்கத்து வயலோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். ஒரு மீட்டர் சதுரச் சட்டம் வைத்து, அதற்குள் எத்தனை வகைச் செடி, எவ்வளவு வெறும் மண் என்று எண்ண வேண்டும். குழி வெட்டி வேரைப் பார்க்க வேண்டும். அந்த மண்ணிலே முன்பு உழைத்த விவசாயத் தொழிலாளர்களை முழுக் கூலியோடு இந்த வேலையில் சேர்க்க வேண்டும். முடிவைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்திலே ஒட்ட வேண்டும். அதுவரை கட்டிய பணத்தைத் திருப்பித் தரக்கூடாது.

இன்னும் ஒன்று. பட்டா வைத்திருந்தவருக்கு நஷ்டஈடு பற்றிப் பேச இடமுண்டு. அந்த வயலிலே நாற்று நட்டுப் பிழைத்த பெண்ணுக்கு? அவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தேறிய நிலத்திலே முதல் பங்கு நிலமற்றவர்களுக்கே என்று கேட்போம்.

ஆலைத் தோழர்களே, உங்கள் கதிரைச் சுற்றும் மின்சாரத்துக்கு அவள் வயல் விலையாகப் போயிருக்கிறது. இந்தக் கோரிக்கை உங்களுடையதும்கூட. இரு கையும் சேர்ந்தால்தான் இது நடக்கும்!