இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லையா?

(நமது குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



“ரெண்டு வயசாகுது, இன்னும் பேச்சு வரல. அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார், தானா வந்துடும்.” இதைக் கேட்காத தெரு தண்டையார்பேட்டையில் இருக்காது. பல குழந்தைகளுக்குத் தானாக வந்துவிடுவதும் உண்மைதான். ஆனால் காது கேட்காததால் பேசாத குழந்தையும் அவர்களில் இருக்கலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வீடு. இதற்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டாம். காசிமேட்டிலிருந்து வாங்கிவந்த மீனை அலசும்போது குழந்தை பக்கத்தில் வந்து நிற்கும். “இது சங்கரா. சிவப்பா இருக்கு. வாலைப் பாரு” என்று சொல்லுங்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டிக்காக நிற்பது நமக்கு எரிச்சல், குழந்தைக்குத் திருவிழா. “ஒரு பெட்டி... இன்னொரு பெட்டி... போச்சு!” ஒருநாள் அந்தப் ‘போச்சு’ குழந்தையின் வாயிலிருந்து வரும். ஷிப்ட் முடிந்து வரும் அப்பாக்களே, குளிப்பாட்டும் பத்து நிமிடம் போதும்.

“இது என்ன?” என்று கேட்டுவிட்டு நாமே பதிலும் சொல்லிவிடுகிறோம். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். விரலைக் காட்டினாலும், “த” என்றாலும் அது பதில்தான். “தண்ணி வேணுமா? இந்தா தண்ணி” என்று முழுதாகச் சொல்லிக் கொடுங்கள். “தண்ணின்னு சொன்னாத்தான் தருவேன்” என்ற பிடிவாதம் வேண்டாம். தாகத்தில் பாடம் ஏறாது.

சோறு ஊட்டச் செல்போனைக் கையில் கொடுக்கிறோம். அது ஓயாமல் பேசும், குழந்தை சொல்வதற்குப் பதில் சொல்லாது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லிவிட்டது.

பாட்டி தெலுங்கு, அம்மா தமிழ் என்றால் பேச்சு தாமதமாகும் என்பது தவறு. பாட்டி தெலுங்கிலேயே கொஞ்சட்டும்.

இப்போது காது. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு வயதில் “அம்மா வா” என்று இரண்டு சொல் சேரவில்லை. வந்த பேச்சு நின்றுவிட்டது. எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டி, காதைப் பரிசோதியுங்கள். “லாரி ஹாரனுக்குத் திரும்புதே” என்பது போதாது. பெரிய சத்தம் கேட்டு, பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காத குழந்தைகள் உண்டு.

பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வரும்போதும் சொல்லலாம். அறவே கேட்காத குழந்தைக்கு, 6 வயதுக்குள் என்றால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். ஆறு வயது வரை நேரம் இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள். மூளை மொழியை வேகமாகப் பிடிப்பது முதல் மூன்று ஆண்டுகளில்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்கள் முதலில் கேள்வி கேட்கலாம்.