முழுகிய படகை எடுப்பது யார் செலவு?

(கண்டமங்கலம் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நெல்லும் கரும்பும் விளைகிற கண்டமங்கலத்தில் படகைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். கிழக்கே போனால் புதுச்சேரி. அங்கே தேங்காய்த்திட்டு துறைமுகம். அதற்கு வடக்கே கோட்டக்குப்பம் முதல் மரக்காணம் வரை மீனவர் குப்பங்கள். நம் குழம்பில் கிடக்கிற மீனைப் பிடிக்கிறவர்களின் கஷ்டம் நமக்குத் தெரிய வேண்டாமா?

கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அது முழுகாது. பழசானால் கயிற்றை அவிழ்த்து, நல்ல கட்டையை மறுபடி கட்டலாம், மற்றது அடுப்புக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் ஃபைபர் படகுகள் உதவியாக வந்து கரையில் குவிந்தன. இலேசான படகு, மோட்டார் பூட்டினால் வெகுதூரம் போகும். மீனவர்கள் விரும்பித்தான் வாங்கினார்கள்.

ஆனால் அது உடைந்தால்? கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்து இறுகியதுதான் ஃபைபர். இரும்பைப் போல உருக்கி வார்க்க முடியாது. எரித்தால் நச்சுப் புகை, புதைத்தால் மக்காது. ரம்பம் போட்டு அறுத்தாலோ, கிளம்புகிற தூள் அறுக்கிற தொழிலாளியின் நெஞ்சில் போய் உட்காரும். பழைய இரும்பு வியாபாரி எஞ்சினுக்கு விலை பேசுவார், கூட்டைத் தொடமாட்டார்! துறைமுக வாயிலில் முழுகிய படகு இன்னும் மோசம். வலை கிழியும், அடுத்த படகு மோதும், டீசல் கசியும்.

பெரிய கப்பலுக்குச் சட்டம் இருக்கிறது. 2007 நைரோபி உடன்படிக்கைப்படி, முழுகிய கப்பலை அகற்றுவது கப்பல் முதலாளியின் பொறுப்பு. 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பலுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம். 2025 மே 25-ல் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 கண்டெய்னர்களோடு கொச்சிக்கு அப்பால் முழுகியது. கேரள சர்க்கார் 9,531 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டு ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. அங்கே கேட்பதற்கு ஒரு முதலாளியாவது இருக்கிறார். ஃபைபர் படகுக்காரரோ தாமே முதலாளி, தாமே கூலி. கடன் வாங்கிய படகும் போய், அதைத் தூக்குகிற கிரேன் வாடகையும் அவர் தலையிலா?

புதுச்சேரியை 1954 வரை ஆண்ட பிரான்ஸைப் பாருங்கள். 2019 முதல் அங்கே உல்லாசப் படகைச் சந்தைக்குக் கொண்டுவரும் கம்பெனிகளே பழைய படகைப் பிரிக்கும் செலவுக்குப் பணம் கட்டுகின்றன. சொந்தக்காரர் படகைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். உல்லாசத்துக்கு உள்ள வசதி உழைப்புக்கு வேண்டாமா?

நாம் கேட்பது அதிகமில்லை. துறைமுகங்களில் படகு பிரிக்கும் முற்றம் வேண்டும். படகு செய்து விற்கும் கம்பெனிகள் அதற்குப் பணம் கட்டட்டும். அறுக்கிறவர்களுக்கு முகமூடியும், தூள் பறக்காமலிருக்கத் தண்ணீரும் கொடுக்க வேண்டும். அறுத்த துண்டுகளைச் சிமெண்டுச் சூளையில் போடலாம். ஜெர்மனியில் காற்றாலை இறக்கைகளை அப்படித்தான் தீர்க்கிறார்கள். சிமெண்டு ஆலைகள் நிறைந்த அரியலூர், இங்கிருந்து லாரிக்கு அரைநாள் பயணம்கூட இல்லை.