பச்சிளஞ் சிசுவும் தோட்டத் தாயின் உரிமையும்



சட்டமும் அரசியலும் பேசும் நாம் இன்று தொட்டிற் பிள்ளையைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். பிள்ளை பிழைத்தாலன்றி அதன் பிரசாவுரிமையும் வாக்குரிமையும் யாருக்குப் பயன்படும்? இலங்கையில் ஒரு வயது நிரம்புமுன் இறக்கும் பிள்ளைகளிற் பெரும்பாலானோர் முதல் 28 நாட்களுக்குள்ளேயே இறக்கின்றனர். ஆதலால் அந்த நான்கு வாரங்களே நாம் காவல் நிற்கவேண்டிய காலம்.

முதலில் வீண் அச்சத்தை விடுவோம். பிறந்த சிசு சில நாட்களில் நிறை சற்றுக் குறைந்து, இரண்டு வாரத்திற்குள் மீண்டும் ஏறும். தும்மலும் விக்கலும் நோயல்ல. பால் கட்டியதுபோல் மார்பு வீங்கினால் அதைப் பிதுக்கக்கூடாது, தானே வற்றிவிடும். இரண்டாம், மூன்றாம் நாளில் முகத்திற் தோன்றும் மெல்லிய மஞ்சள், பிள்ளை நன்றாகப் பால் குடித்தால் பெரும்பாலும் தணியும்.

ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் கண்டாலும், அது உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலும் தாமதிக்கலாகாது. கடுஞ்செங்கமாரி மூளையையும் செவியையும் கெடுக்கும். இளவெயிலில் காட்டினாற் போதுமென்று நாளைக் கடத்துவது ஆபத்து. பால் குடிக்க மறுத்தல், காய்ச்சல், உடல் சில்லிட்டுப் போதல், நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்குதல், நெஞ்சு குழிவிழுதல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத சோர்வு, தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வடிதல்: இவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் புறப்படவேண்டும். "விடியட்டும், பெரட்டு முடியட்டும்" என்பது பிள்ளையின் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

நம் பெரியோர் அன்பினாற் செய்யும் சிலவற்றையும் நிறுத்தவேண்டும். தொப்புளிற் சாம்பலோ, மஞ்சளோ, எண்ணெயோ வைக்கவேண்டாம். சுத்தமாகவும் உலர்வாகவும் இருந்தாற் போதும். சீனித் தண்ணீர், தேன், உரை மருந்து வேண்டாம். முதல் ஆறு மாதமும் தாய்ப்பாலே உணவும் நீரும். மூக்கில் எண்ணெய் விடவேண்டாம். இரத்தினபுரி, கேகாலை மலைகளின் அடைமழையில் லயக் காம்பரா ஈரமுறும். அவ்வேளையில் சிசுவின் உடற்சூட்டைக் காக்கத் தாயின் வெறும் மார்போடு அணைப்பதே சிறந்த வழி. அடுப்புப் புகை படும் இடத்திற் பிள்ளையைக் கிடத்தலாகாது.

இனி, சட்டத்திற்கு வருவோம். 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தாய்க்கு 12 வார விடுமுறை அளிக்கின்றது. மூன்றாம் பிள்ளையென்றால் விடுமுறையைக் குறைக்கும் முறை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு ஒழிந்தது. பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை, 9 மணி நேர வேலைக்குள் பாலூட்ட இரு இடைவேளைகள் உண்டு. பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரைமணி. இல்லாவிடில் ஒரு மணி. கொழுந்து மலையிலிருந்தோ, இறப்பர் மரத்தடியிலிருந்தோ பால் கொடுக்க வரும் தாய் எவருடைய தயவையும் நாடவில்லை. அது அவளுடைய உரிமை.

மொழியுரிமையும் இங்கே உயிர்ப்பிரச்சினையாகின்றது. சப்பிரகமுவையில் நாம் சிறுபான்மையினர். வைத்தியசாலையிற் சொல்லும் அறிவுரை தாய்க்குப் புரியாவிடின் அறிவுரையால் என்ன பயன்? 1987இல் 13ஆம் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. அரசாங்க உத்தியோகத்தரிடம் தமிழிற் கருமமாற்ற அரசியலமைப்பு நமக்கு உரிமை தருகின்றது. விளங்காதவரை மீண்டும் கேட்போம். சிங்களம் அறிந்த தோழர்கள் தாய்மாருக்குத் துணையாகச் செல்வார்களாக.

குடும்பநல உத்தியோகத்தர் வீடுதேடி வருமுன்னரே பிள்ளைப்பேற்றை அவருக்கு அறிவிப்போம். ஆபத்தில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய வண்டி கட்டணமின்றி வரும். வண்டி ஏறமுடியாத லயங்களில் பெருந்தெருவரை சிசுவைக் கொண்டு சேர்ப்பவர் யார், எந்த வாகனத்தில் என்பதைத் தோட்டக் கமிட்டி பிரசவத்துக்கு முன்பே தீர்மானிக்கட்டும்.

கற்றவர்களும் வைத்தியர்களும் இவற்றை ஒவ்வொரு லயத்திலும் எடுத்துச் சொல்லவேண்டும். நிலமும் வீடும் கேட்டு நாம் நடத்தும் போராட்டத்தின் பயனை அனுபவிக்கவேண்டியவர்கள் இந்தப் பிள்ளைகளே. முதலில் அவர்களைக் காப்போம்!