இறுதிப் பொழுதில் பெற்றோருக்கு நாம் செய்ய வேண்டியது



தொண்ணூறு வயதைக் கடந்த தந்தைக்கு மூச்சுத் திணறல். தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கை சுவாசக் கருவி பொருத்தலாமா என மருத்துவர் வினவுகிறார். நீங்கள் என்ன பதில் கூறுவீர்கள்?

மருத்துவம் செய்யப் பணித்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், முதுமைக்கு மருந்தில்லை என்பதையும் உணர்த்தினார்கள். குணமடைய வாய்ப்பிருந்தும் வயதைக் காட்டிச் சிகிச்சையை மறுப்பது அநீதி. வாய்ப்பில்லை என நம்பகமான மருத்துவர்கள் கூறிய பின்னரும், ஊராரின் பேச்சுக்கு அஞ்சிக் குழாய்களோடு பிணைத்து வைப்பது மார்க்கக் கடமையன்று. உயிரைப் போக்க ஊசியிடுவது ஹராம்; பயனற்ற கருவியைத் தவிர்ப்பது வேறு. மூளை முற்றிலும் செயலிழந்து இனி மீளாது என நிபுணர்கள் உறுதி செய்தால் கருவிகளை அகற்றலாம் என, 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது.

நம் நாட்டிலும், இறுதிக்காலச் சிகிச்சை பற்றிய விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைப்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது.

ஆகவே, பெற்றோர் தெளிந்த நினைவோடு இருக்கும்போதே அவர்களின் விருப்பத்தைக் கேட்டறியுங்கள். சகராத் வேளையில் கலிமாவை மெல்ல நினைவூட்டப் பிள்ளைகள் அருகிலிருக்க வேண்டுமே! கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அது இயலுமா? சிந்தியுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஈமானோடு கூடிய நல்ல முடிவைத் தந்தருள்வானாக! ஆமீன்.