எல்லை கடக்கும் வேலை



திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் களியக்காவிளை எல்லை வருகிறது. குமரி மாவட்டத்துக் கொத்தனாரும் சிற்றாளும் கூலி அதிகம் என்று அவ்வெல்லையைக் கடந்து வடக்கே வருகின்றனர். கூலி குறைவு என்று வேலையோ தெற்கே போயிருக்கிறது. பிழைப்பின் பொருட்டு மாநிலம் கடந்த நாம் இவ்விரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது.

கொல்லத்து முந்திரித் தொழிலைப் பாருங்கள். கொட்டையை வறுத்து, ஓடு உடைத்து, தோல் உரித்து, தரம் பிரிக்கும் அவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்து வருகின்றனர். 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி கேரளத்தில் கூலி உயர்ந்தபோது, முதலாளிகள் சிலர் கொட்டையை வீடுகளுக்குக் கொடுத்து உடைப்பித்தனர். ‘குடிவறுப்பு’ என்பது அதன் பெயர். வேறு சிலர் ஆலையையே குமரி மாவட்டத்துக்குக் கொண்டு சென்றனர். அங்குள்ளோர் ‘அண்டி ஆபீசு’ என்று வழங்குவது இவ்வாலைகளையே. கேரள அரசு 1969-இல் முந்திரி வளர்ச்சிக் கழகத்தை நிறுவியும் பெயர்ச்சி முற்றும் நிற்கவில்லை. ஆயினும் பழி முழுவதையும் கூலியின்மேல் சுமத்துதல் முறையன்று. வியட்நாம் இயந்திரத்தால் ஓடு உடைக்கிறது. ஆப்பிரிக்கக் கச்சாக் கொட்டையின் விலையும் ஆலையின் கையில் இல்லை.

கண்ணூரில் நிகழ்ந்தது வேறு. 1966-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டத்தைக் கேரளம் நடைமுறைப்படுத்த முனைந்ததும், 1968-இல் மங்களூர் கணேஷ் பீடி நிறுவனம் அங்குள்ள கிளைகளை மூடிற்று. ஏறத்தாழ 12,000 பேர் வேலையிழந்தனர். அவர்களே 1969-இல் தினேஷ் பீடிக் கூட்டுறவை அமைத்து, சட்டம் கூறிய கூலியைத் தாமே தமக்கு வழங்கிக்கொண்டனர். பிற்காலத்தில் பீடிக்கு மவுசு குறையவே, கூட்டுறவு குடைக்கும் உணவுப் பண்டத்துக்கும் திரும்பியது.

கூலியோடு முதலாளி செலுத்தும் பங்குத் தொகையும் உண்டு. 15,000 ரூபாய் ஊதியத்துக்கு வருங்கால வைப்பு நிதி 12 விழுக்காடு, அதாவது 1,800 ரூபாய்; ஈ.எஸ்.ஐ. 3.25 விழுக்காடு, 487 ரூபாய் 50 காசு. பின்னது 2019 ஜூலைக்கு முன் 4.75 விழுக்காடாக இருந்தது. இருபது பேர் சேர்ந்தால் வைப்பு நிதிக் கடமை வந்துவிடும் என்பதால் பத்தொன்பதோடு நின்றுவிடும் சிறு பட்டறைகளும் உள. இருபதாவது ஆளை ஏட்டில் ஏற்றாத பட்டறைகளும் உள.

அத்தொகையைக் குறைத்தால் வேலை பெருகுமா? சிலி நாடு 1981-இல் இத்தகைய வரியைப் பெரிதும் குறைத்தது. பொருளியலார் ஜோனதன் குரூபர் ஆராய்ந்து கண்டது, வேலை பெருகவில்லை, கூலியே உயர்ந்தது என்பதாம். அப்படியாயின் அவ்வரியை அதுவரை தாங்கியவன் தொழிலாளியே! ஆனால் சட்டம் வகுத்த அடிமட்டக் கூலியிலே நிற்பவளிடம் முதலாளி அதனைக் கழித்துக்கொள்ள இயலாது. ஆகவே கொல்லத்தில் அது தனிச் சுமையாகவே நிற்கும் என்பது நம் கருத்து.

நடுவண் அரசு 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உண்டாகும் வேலைகளுக்கு ஒரு திட்டம் வகுத்துள்ளது. கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 3,000 ரூபாய் வரை முதலாளிக்குக் கிடைக்கும். ஆள் ஆறு மாதமேனும் நிலைத்திருத்தல் வேண்டும். ஏட்டில் பெயர் ஏறினாலன்றி இத்தொகை இல்லை. வைப்பு நிதியின் பொதுக் கணக்கு எண்ணோ மாநிலம் மாறினும் மாறுவதில்லை. புதிதாக வேலையில் சேரும் நம்மவர் அதனை முதல் மாதமே கேட்டுப் பெறுதல் நன்று.